ஊசிக்குச் சம்மதம்

என் மாமா பன்விலையில் நாற்பது வருடங்களாக ஏலமும் மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். நக்கிள்ஸ் மலையடிவாரத்துச் சிறு தோட்டக்காரர்கள் கொண்டுவரும் சரக்கை விரலால் நசுக்கிப் பார்த்தே அதிலுள்ள ஈரத்தைச் சொல்லிவிடுவார். 2021 ஓகஸ்ட் மாத இறுதியில் அவர் மௌத்தானார். மரணச் சான்றிதழில் கொவிட் நியூமோனியா என்று எழுதப்பட்டிருக்கிறது. அது பொய்யல்ல. ஆனாலும் கடைசி இரண்டு நாட்களில் அவரைக் கொண்டுபோனது சுவாசப்பைக்குள் பெருகிய இரத்தம். அந்த இரத்தம் ஏன் வந்தது, அதற்கு யார் பொறுப்பு என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயவில்லை. டோஹாவில் தொழில் பார்க்கும் அவருடைய மகன், எனக்கு மச்சான் முறை, ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறான். அனுப்பவில்லை. அதன் பிரதியொன்று என்னிடம் இருக்கிறது. இதை அந்தக் கடிதத்துக்கு நான் எழுதும் பதில் என்று எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

சுவாசப்பைக்குள் இரத்தம் கசிவது எப்படி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் இழுக்கும் மூச்சு கடைசியில் போய்ச் சேர்வது பல கோடிக் காற்றுச் சிற்றறைகளுக்கு. ஒவ்வொரு சிற்றறையையும் சுற்றி நூலிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே இருக்கும் சுவர், வெங்காயச் சருகைக் கூடத் தடிப்பாகத் தோன்றச் செய்யும் அளவுக்கு மெல்லியது. மெல்லியதாக இருப்பதால்தான் ஒட்சிசன் ஊடுருவிப் போகிறது. அதனால்தான் வைரஸ் கிருமி தாக்கும்போது அது கிழிந்தும் போகிறது. இன்புளுவென்சாவில் இப்படி நடக்கிறது. ஹன்டா வைரஸிலும் கொவிட்டிலும் கூட நடந்திருக்கிறது. நம் மலைநாட்டில் காய்ச்சலோடு இரத்தம் துப்பினால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது எலிக்காய்ச்சல்தான். அது வைரஸ் அல்ல, பக்டீரியா. ஆயினும் சுவாசப்பையில் செய்யும் அநியாயம் ஒன்றே. 2008ஆம் ஆண்டு இந்நாட்டில் 7,000க்கும் அதிகமானோரை அது பிடித்து 200க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது.

இரத்தம் எப்போதும் வாய்வழியே வெளியே வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. இப்படிக் கசியும் நோயாளிகளில் மூன்றிலொரு பங்கினர் வரை ஒரு சொட்டு இரத்தமும் துப்புவதில்லை என்பது வைத்தியர்களின் அனுபவம். எக்ஸ்ரே படத்தில் சுவாசப்பை வெள்ளையாகப் படர்கிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது, மூச்சு முட்டுகிறது. மனிதன் தனக்குள்ளேயே மூழ்கிக் கொண்டிருப்பான். கட்டிலருகே நிற்பவனுக்கு அது தெரியாது.

இதற்குச் சிகிச்சை என்ன? என் மச்சானின் கடிதம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இருப்பதாக எண்ணி எழுதப்பட்டது. அப்படி இல்லை என்பதை நானும் பின்னர்தான் தேடிப் படித்து விளங்கிக்கொண்டேன். இந்த நோயில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிர்முகம் ஒன்று உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கொதித்தெழுந்து சுவாசப்பையை எரிக்கும்போது ஸ்டீரொயிட் அதை அடக்கும். அடக்கும்போதே கிருமியோடு போராடும் படையையும் அடக்கிவிடும். இன்புளுவென்சா நோயாளிகளைக் கவனித்த பல ஆய்வுகளில் ஸ்டீரொயிட் பெற்றவர்களிடையே மரணம் கூடுதலாகவே காணப்பட்டது. செயற்கைச் சுவாச இயந்திரத்தின் அழுத்தம் கசியும் சிற்றறைகளை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும். அதே அழுத்தம் மிஞ்சினால் அவற்றைக் கிழிக்கும். இரத்தத்தை வெளியே எடுத்து ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரம் சிலரை மரணத்தின் வாசலிலிருந்து மீட்டிருக்கிறது. ஆனால் அதன் குழாய்களில் இரத்தம் உறையாதிருக்க வழமையாக உறைவெதிர் மருந்து கொடுக்க வேண்டும், இரத்தம் கசிபவனுக்கு அதுவே நஞ்சு. ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவரும் 1962இல் உலகுக்கு அறிவித்த ட்ரனெக்ஸாமிக் அமிலம் மலிவானது. பிரசவத்தின்போது பெருகும் இரத்தத்தில் அதன் பயன் நிரூபணமானது. அதை ஆவியாக்கிச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று நம்பிக்கை தந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் 47 பேர் மட்டுமே. பெருமளவில் இரத்தம் கக்கியவர்களை அதில் சேர்க்கவேயில்லை.

கொவிட் வந்தபோது இந்தக் குழப்பம் இரட்டிப்பானது. 2020இல் இறந்தவர்களின் சுவாசப்பைகளைத் திறந்து பார்த்தவர்கள் அங்கே நுண்ணிய இரத்தக் கட்டிகளைக் கண்டார்கள். ஆகவே, இரத்தத்தை இளக்கும் ஹெபரின் வகை ஊசியைக் கூடிய அளவில் போட்டால் உயிர் பிழைக்கும் என்று உலகெங்கும் பல வைத்தியர்கள் நியாயமாகவே நம்பினார்கள். மறுபுறம் 2020 ஜூனில் பிரித்தானிய ஆய்வொன்றின் முடிவு வெளியானது: டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீரொயிட், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்தது, ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்திலொரு பங்கு குறைத்தது, ஒட்சிசனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனையும் தரவில்லை. ஹெபரினின் கதை இதற்கு நேர்மாறாக முடிந்தது. கூடிய அளவு ஊசி, நோய் முற்றாதவர்களுக்கு உதவியது. அதிதீவிர நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு உதவவில்லை. அவர்களில் பெரும் இரத்தக்கசிவு 100க்கு 2.3 ஆக இருந்ததை 3.8 ஆக்கியது. ஆரம்பத்தில் பயன்படாத மருந்து முற்றியபின் பயன்பட்டது. ஆரம்பத்தில் பயன்பட்ட மருந்து முற்றியபின் பயன்படவில்லை. ஹெபரின் பற்றிய இந்த முடிவு சஞ்சிகையில் அச்சான மாதம் 2021 ஓகஸ்ட். என் மாமா கட்டிலில் கிடந்த அதே மாதம்.

அந்த இரவை நான் இங்கே சொல்லத்தான் வேண்டும். நாடு முடக்கப்பட்டிருந்தது. நோயாளியோடு யாரையும் விடவில்லை. மாமா முகமூடி வழியாகக் கூடிய ஒட்சிசனில் இருந்தார். பதினொரு மணியளவில் வாட்டிலிருந்து ஓர் இளம் வைத்தியர் எனக்கு அழைப்பெடுத்தார். இரத்தம் உறையும் அறிகுறி கூடியிருக்கிறது, ஊசியின் அளவைக் கூட்ட நினைக்கிறோம், இவருக்குப் பழைய குடற்புண் இருந்ததாகக் கோப்பில் உள்ளது, ஆகவே குடும்பத்தாரிடம் கேட்கிறேன் என்றார். அவர் பேசியது சிங்களத்தில். மச்சான் தமிழில் படித்தவன். கடைச் சிங்களம் தெரியும், வைத்தியச் சிங்களம் தெரியாது. டோஹாவிலிருந்த அவனையும் அதே அழைப்பில் சேர்த்து, நான் நடுவிலிருந்து மொழிபெயர்த்தேன்.

அவன் கேட்ட முதல் கேள்வி, ஊசி ஹலாலா என்பது. நான் கேட்டேன். வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்: இந்த மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. அரைமணி நேரம் தாருங்கள் என்று கேட்டு அழைப்பை வைத்தோம். அந்த அரைமணியும் பன்றியிலேயே போனது. ஒரு மௌலவியைப் பிடித்தோம். உயிராபத்தான நிர்ப்பந்தத்தில், வேறு வழி கைவசம் இல்லாதபோது தடையில்லை என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்; மீதி இருபத்தொன்பது நிமிடமும் நாங்கள் அதையே திருப்பித் திருப்பி எங்களுக்குள் உறுதிசெய்துகொண்டிருந்தோம். இரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. மார்க்கம் சார்ந்த கேள்வியைக் கேட்டுவிட்டோம், அறம் சார்ந்த கேள்வியும் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். நம்மிடையே இது அடிக்கடி நடக்கிறது என்றே நினைக்கிறேன். விடை தெரிந்த கேள்வியைக் கேட்பது எவ்வளவு ஆறுதலான காரியம்!

இந்த இடத்தில் எனக்கு இப்னு நபீஸின் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இதயத்தின் வலப்புறத்து இரத்தம் சுவாசப்பை வழியாகச் சென்றே இடப்புறம் சேர்கிறது என்பதை 13ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பாக, எழுதிவைத்தவர் அவர். டமஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்தார். நாம் பின்பற்றும் அதே ஷாபி மத்ஹபின் பிக்ஹையும் கற்பித்தார். அவருடைய அந்த எழுத்தை 1924இல் எகிப்திய வைத்தியர் ஒருவர் பேர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதிகளிடையே கண்டெடுக்கும்வரை உலகம் அதை மறந்திருந்தது. 1288இல் அவர் மரணப்படுக்கையில் கிடந்தபோது சக வைத்தியர்கள் மருந்தாக மதுவைப் பரிந்துரைத்தார்கள் என்றும், அதை உடம்பில் சுமந்துகொண்டு இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று அவர் மறுத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் மேடைகளில் இந்தக் கதையைப் பக்திக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மறுத்தவரும் அவரே, சாகப் போகிறவரும் அவரே, அந்த மருந்தின் பலம் என்ன பலவீனம் என்ன என்று அறிந்தவரும் அவரே. இம்மூன்றும் ஓராளில் கூடிவிட்டால் சம்மதம் என்ற சொல்லில் சிக்கல் ஒன்றுமில்லை. எங்கள் விடயத்தில் சாகப் போகிறவர் முகமூடிக்குள் மயங்கிக் கிடந்தார், அறிந்தவர் தொலைபேசியின் ஒரு முனையில், முடிவெடுக்க வேண்டியவன் மறு முனையில், நடுவில் நான்.

தவக்குல் பற்றிய தன் அத்தியாயத்தில் இமாம் கஸ்ஸாலி, தீங்கை நீக்கும் வழிகளை மூன்றாகப் பிரிக்கிறார். பயன் உறுதியானவை, தாகத்துக்குத் தண்ணீர் போல. பயன் ஊகத்துக்குரியவை, அக்கால வைத்தியத்தில் இரத்தம் குத்தி எடுப்பதும் பேதிமருந்தும் போல. பயன் வெறும் எண்ணத்தில் மட்டும் இருப்பவை. முதலாவதைக் கைவிடுவது தவக்குல் ஆகாது என்றும், இரண்டாவதைக் கையாள்வது தவக்குலுக்கு முரணல்ல என்றும் அவர் விளக்குகிறார். ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்தும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் பெரும்பகுதி அந்த இரண்டாம் வகையில்தான் நிற்கிறது. ஒட்சிசன் தண்ணீர் மாதிரி. ஹெபரினின் அளவு, ஸ்டீரொயிட்டின் நேரம், எக்மோவின் தருணம், எல்லாமே ஊகம். கற்றறிந்த ஊகம், நேர்மையான ஊகம், ஆனாலும் ஊகம்.

அப்படியென்றால் ஊகம் பிழைத்தால் பொறுப்பு யாருடையது? வைத்தியம் அறியாதவன் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அதிலிருந்து நம் சட்ட அறிஞர்கள் கிளைகளை விரித்தார்கள்: துறையறிந்தவன், அனுமதி பெற்று, துறையின் முறைப்படி செய்து, அதன்பின்னும் தீங்கு நேர்ந்தால் அவன்மீது பொறுப்பில்லை. தெளிவான விதி. என் மச்சான் இதை அறியாதவனல்ல. அவன் கடிதத்தில் பிடித்திருப்பது துறையின் முறை என்ற இடத்தை. அந்த மாதமே அச்சான முடிவை அந்த வைத்தியர் ஏன் படிக்கவில்லை என்று கேட்கிறான். இந்த ஆய்வு அதிதீவிர நோயாளிகளைச் சேர்ப்பதை 2020 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டதே என்கிறான்.

துறையே தடுமாறிக்கொண்டிருக்கும்போது துறையின் முறை எது? 1918இன் கதையைப் பாருங்கள். அந்த இன்புளுவென்சா இலங்கையில் மட்டும் 3 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிருக்கலாம் என்று பிற்கால ஆய்வு மதிப்பிடுகிறது. அப்போது அமெரிக்காவில் வைத்திய மேலிடங்களே பரிந்துரைத்த அஸ்பிரின் அளவு நாளொன்றுக்கு 8 கிராம் முதல் 31 கிராம் வரை. இன்று நாலு கிராமுக்கு மேல் கொடுக்கத் தயங்குகிறார்கள். இவ்வளவு அஸ்பிரின் சுவாசப்பையில் நீர் கோக்கச் செய்யும், இரத்தம் உறைவதையும் கெடுக்கும். அன்று நீரும் இரத்தமும் நிறைந்த சுவாசப்பைகளோடு இறந்தவர்களில் ஒரு பகுதியினரைக் கொன்றது மருந்தாக இருக்கக்கூடும் என்று கேரன் ஸ்டார்க்கோ என்ற அமெரிக்க வைத்தியர் 2009இல் எழுதினார். அது நிரூபணமான முடிவல்ல, கருதுகோள்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அந்த அஸ்பிரினைக் கொடுத்த தாதியும் வைத்தியரும் துறையின் முறைப்படிதான் செய்தார்கள். தொண்ணூறு வருடங்கள் கழித்து முறையே பிழை என்று ஒருவர் சொல்கிறார். அவர்கள் குற்றவாளிகளா? இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. குற்றமில்லாத இடத்திலும் இழப்பு இருக்கிறது. இழப்புக்கு ஒரு முகம் தேடுவது மனித இயல்பு. என் மச்சான் தேடுவதும் அதைத்தான்.

முகம் தேடுவதானால் அந்த வைத்தியரோடு நிறுத்தவும் முடியாது. மாமா காய்ச்சலோடு ஐந்து நாட்கள் வீட்டில் கிடந்தார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், ஆவி பிடித்தோம். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 84 காட்டிய பின்னர்தான் அம்புலன்ஸுக்கு அழைத்தோம். ஏன் தாமதித்தோம்? எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொவிட்டில் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் மாறவில்லை. அந்த டிசம்பரில் இருபது நாள் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் அது திருத்தப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்பும் கேட்டது. மாமா நோயுற்றபோது எரிப்பு நின்று ஆறு மாதமாகிறது. ஆனால் பயத்துக்கு வர்த்தமானி தெரியாதே. போனால் முகம் பார்க்கக் கிடைக்காது, ஊர் மையவாடியில் இடமில்லை, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளிப் புதைப்பார்கள் என்று மாமி அழுதார். மாமாவும் போக மறுத்தார். ஹெபரின் உதவக்கூடிய கட்டம் என்று இப்போது நாம் அறிந்திருக்கும் அந்த ஆரம்ப நாட்களை அவர் தன் வீட்டுத் திண்ணையில் கழித்தார். வைத்தியசாலையை நம்புவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. அதைக் கெடுத்தவர்களின் பெயர் எந்த மரணச் சான்றிதழிலும் வருவதில்லை.

ஆனாலும் இவ்வளவும் எழுதியது, சொல்ல வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போடத்தானோ என்றும் எனக்குச் சந்தேகம் வருகிறது.

அன்றிரவு அரைமணி கழித்து வைத்தியரைத் திரும்ப அழைத்தபோது அவர் இன்னும் இரண்டு வசனங்கள் சொன்னார். இந்த நிலையில் கூடிய அளவு ஊசி உதவுமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்பது ஒன்று. இரத்தம் கசியத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டமாக இருக்கும் என்பது மற்றொன்று. ஆகவே அவர் படித்திருந்தார், அல்லது படித்தவர்கள் சொல்லக் கேட்டிருந்தார். மறுபக்கத்தில் மச்சான், என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு பேர் தங்கும் அறையிலிருந்து தனியே வெளியே வந்து படிக்கட்டில் நின்று பேசுகிறான் என்பது குரலின் எதிரொலியில் தெரிந்தது. இரத்தம் கட்டாமலிருக்க ஊசி போடுகிறார்களாம், கவனமாகப் போடுவார்களாம் என்றேன். அவன் பிஸ்மி சொல்லிச் சம்மதித்தான். நான் ஹா, ஹொந்தாய் என்று வைத்தியரிடம் சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? அவனைப் பயமுறுத்த விரும்பவில்லை. அது உண்மை. வேண்டாம் என்று அவன் சொல்லி, கட்டி உறைந்து மாமா இறந்தால் வாழ்நாள் முழுவதும் சுமப்பானே என்று நினைத்தேன். அதுவும் உண்மை. இவை இரண்டையும் விட, நான் ஏற்கெனவே மனதில் சம்மதித்துவிட்டிருந்தேன். அதை அவன் வாயால் சொல்லக் கேட்க விரும்பினேன். அந்த இளம் வைத்தியர் தான் அறியாததையும் சேர்த்தே சொன்னார். அவர் சொன்ன அறியாமையை அறிவு மாதிரி மாற்றிக் கொடுத்தவன் நான். சட்டத்தில் அனுமதி பெற்றாயிற்று. பிக்ஹின் விதியிலும் அனுமதி என்ற நிபந்தனை நிறைவேறிற்று. அனுமதி கொடுத்தவன் எதற்கு அனுமதி கொடுத்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் முகமூடி சிவந்தது. ஊசியை நிறுத்தினார்கள், இரத்தம் ஏற்றினார்கள், ட்ரனெக்ஸாமிக் அமிலத்தை ஆவியாகக் கொடுத்தார்கள், சுவாச இயந்திரத்தில் போட்டார்கள். இரண்டு நாட்கள். கசிவு ஊசியாலா, கிருமியாலா, இரண்டாலுமா என்று சொல்ல முடியாது என்று அந்த வைத்தியரே எனக்குச் சொன்னார். ஊசி போடாதவர்களிலும் இப்படிக் கசிந்திருக்கிறது, அந்த 3.8இலிருந்து 2.3ஐக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றரை. என் மாமா அந்த ஒன்றரைக்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா என்று எந்த ஆய்வும் சொல்லாது. பேச்சை முடிக்கும்போது, உங்கள் மச்சானிடம் நான் சொன்னதைச் சரியாகச் சொன்னீர்கள்தானே என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

சென்ற விடுமுறைக்கு மச்சான் வந்திருந்தான். இருவரும் ஓட்டமாவடிக்குப் போனோம். அதிகாலை பன்விலையிலிருந்து வத்தேகமை வழியாக இறங்கி, மாத்தளை கடந்து, தம்புள்ளையில் தேநீர் குடித்தோம். கடிதத்தை அனுப்பலாமா என்று அவன் கேட்டான். அனுப்புவதானால் அதற்கு முன் நீ ஒன்றைக் கேட்க வேண்டும் என்று, அன்றிரவு வைத்தியர் சொன்ன இரண்டு வசனங்களையும் சிங்களத்திலும் தமிழிலும் அப்படியே சொன்னேன். தேநீருக்கு அவன்தான் காசு கொடுத்தான். ஹபரணை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பொலன்னறுவைக்குக் கிட்ட வந்தபோது, சொல்லியிருந்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன் மச்சான் என்றான். சற்று நேரம் கழித்து, இல்லை, தெரியாது என்றான்.